மாதிரி ரயில் பெட்டியின் உட்புறம்: ஜன்னலிலிருந்து தொடங்கும் வேலை

கடையில் வாங்கும் மாதிரி ரயில் பெட்டிகள் பலவற்றில் உட்புறம் என்பது ஒரே நிறத்தில் வார்த்த பிளாஸ்டிக் துண்டு. சிலவற்றில் அதுவும் இருக்காது. இந்தப் பக்க ஜன்னலில் பார்த்தால் அந்தப் பக்க ஜன்னல் தெரியும். வெளிப்புறத்தில் ஆணி வரை செதுக்கியிருந்தாலும் உள்ளே வெறுமையாக இருந்தால் பெட்டி பொம்மையாகவே தோன்றும். இதைச் சரிசெய்யப் பெரிய கருவிகள் வேண்டாம். பிளாஸ்டிக் தகடு, கூர்மையான கத்தி, இரண்டு வகைப் பசை, பொறுமை ஆகியவை போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நிஜப் பெட்டியின் வரைபடத்தை எடுத்து, எல்லா அளவையும் 87ஆல் வகுத்து (எச்ஓ எனப்படும் மாதிரி அளவு நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), அப்படியே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வேலை முடிந்து கூட்டை, அதாவது பெட்டியின் மேலுடலை, மூடினால் மூடாது. மூடினாலும் இருக்கை மெத்தை ஜன்னலின் நடுவில் மிதக்கும். காரணம் இரண்டு. மாதிரிப் பெட்டியின் சுவர் ஒன்றிரண்டு மி.மீ. தடிமன் உள்ளது, எனவே உள்ளகலம் குறைந்துவிடும். தரைக்குக் கீழே எடைத் தகடும் இணைப்பான் பொறியமைப்பும் இருப்பதால் தரை இருக்க வேண்டிய மட்டத்தைவிட 2 முதல் 4 மி.மீ. உயர்ந்திருக்கும். ஆகவே உயர அளவுகளைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள், ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து எடுங்கள். இருக்கையின் முதுகு அந்த விளிம்புக்கு மேல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. விளிம்புக்குக் கீழே எதைக் குறைத்தாலும் யாருக்கும் தெரியாது.

எது தெரியும், எது தெரியாது

எச்ஓ அளவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து சுமார் 20 மி.மீ., கீழ் விளிம்பு சுமார் 10 மி.மீ., உள்ளகலம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் தலைகளும் இருக்கை முதுகுகளின் உச்சியும் மட்டுமே தெரியும். 30 டிகிரி சாய்வில் மேலிருந்து பார்த்தால் பார்வைக்கோடு 30 மி.மீ. அகலத்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 17 மி.மீ. இறங்கிவிடும். அதாவது எதிர்ப்பக்க இருக்கையின் மெத்தை தெரியும், நடைவழித் தரை தெரியாது. தரை தெரிய 45 டிகிரி போல நன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

இதிலிருந்து வேலைப் பட்டியல் தானாக அமைந்துவிடும். இருக்கை முதுகு, மேசையின் மேற்பரப்பு, குறுக்குச் சுவர், பயணிகளின் தலையும் தோளும், பக்கவாட்டு நடைவழியில் ஜன்னலுக்குக் குறுக்கே ஓடும் கைப்பிடிக் கம்பி ஆகியவற்றில் நேரம் செலவிடுங்கள். இருக்கைக் கால், தரைவிரிப்பின் கோலம் போன்றவற்றை விட்டுவிடலாம். சாமான் தட்டு நிஜத்தில் சுமார் 1.75 மீட்டர் உயரத்தில் இருக்கும். எச்ஓவில் அது 20 மி.மீ., அதாவது ஜன்னலின் மேல் விளிம்பிலேயே மறைந்துவிடும். பலர் ஆசையாகச் செய்யும் பாகம் இது. ஆனால் ரயில் கண் மட்டத்தில் ஓடும் அமைப்பு உங்களிடம் இல்லையென்றால் அந்த மாலைப் பொழுதைப் பயணிகளுக்கு வண்ணம் தீட்டச் செலவிடுவது மேல்.

கைவசம் இருக்க வேண்டிய அளவுகள்

நிஜ அளவு முதலிலும், பிறகு எச்ஓ 1:87, ஓஓ 1:76, என் 1:160 ஆகியவையும் வரிசையாக:

இருக்கை மெத்தையின் உயரம் 450 மி.மீ.: 5.2, 5.9, 2.8
இருக்கை முதுகின் உச்சி 1150 மி.மீ.: 13.2, 15.1, 7.2
மேசை உயரம் 740 மி.மீ.: 8.5, 9.7, 4.6
ஒருவருக்கான இருக்கை அகலம் 480 மி.மீ.: 5.5, 6.3, 3.0
நடைவழி அகலம் 550 மி.மீ.: 6.3, 7.2, 3.4
எதிரெதிர் இருக்கைத் தொகுதி ஒன்றின் நீளம் 1700 மி.மீ.: 19.5, 22.4, 10.6

இவை பொதுவான அளவுகள்தான். நீங்கள் செய்யும் பெட்டியின் வரைபடம் கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். அகலம் போதாதபோது எதைக் குறைப்பது என்ற குழப்பம் வரும். முதலில் நடைவழியைக் குறையுங்கள், இருக்கையைப் பிறகு பாருங்கள். நடைவழி ஒரு மி.மீ. ஒடுங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஒடுங்கிய இருக்கையில் பயணி பொம்மைகளை உட்கார வைக்கும்போது தோள்கள் இடிக்கும்.

பெட்டியைத் திறந்து அட்டையில் ஒத்திகை

பெரும்பாலான பெட்டிகளில் கூடு அடித்தளத்தின் மேல் கொக்கிகளால் மாட்டியிருக்கும். பக்கச் சுவரை லேசாக விரித்து, நான்கு இடங்களில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டோ பல்குச்சியோ செருகி, ஒரு முனையிலிருந்து தூக்குங்கள். இரும்பு நெம்புகோல் வைத்தால் வண்ணம் கீறும். சில பெட்டிகளில் கூரை மட்டுமே கழலும். அப்படியானால் உட்புறத்தை மேலிருந்து இறக்க வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் வையுங்கள்.

திறந்ததும் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பவற்றை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: கூட்டின் கொக்கிகள், ஜன்னல் கண்ணாடியின் காதுகள், திருகுத் தூண்கள், போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) திருகுத் தலை, விளக்குக்கான தொடுமுனைகள். பிறகு 1 மி.மீ. அட்டையில் ஒரு தரை வெட்டுங்கள். நீளத்தில் மொத்தம் 1 மி.மீ., அகலத்தில் பக்கத்துக்கு அரை மி.மீ. குறைவாக இருக்கட்டும். அதை வைத்துக் கூட்டை மூடுங்கள். மூடிய நிலையில் போகி இரு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறதா, இணைப்பான் வளைவில் நகர்ந்து திரும்பி வருகிறதா என்று கையால் சோதியுங்கள். எங்காவது இறுகினால் அட்டையில்தான் திருத்த வேண்டும். பிளாஸ்டிக்கை வெட்டிய பிறகு தெரிந்தால் அழுகைதான்.

அடுத்தது ஜன்னல்களின் இடம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு தொகுதியின் நீளத்தை அளந்து அதையே திரும்பத் திரும்பக் குறித்துக்கொண்டு போனால், 0.2 மி.மீ. பிழைகூட பத்தாவது தொகுதியில் 2 மி.மீ. ஆகிவிடும். குறுக்குச் சுவர் ஜன்னலின் நடுவில் வந்து நிற்கும். அளக்கவே வேண்டாம். கூட்டின் பக்கத்தில் ஜன்னல்களுக்குக் கீழே ஒரு நீள மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். ஒவ்வொரு ஜன்னல் இடைத்தூணின் நடுவையும் கூர்மையான பென்சிலால் அதில் குறியுங்கள். டேப்பை உரித்து அட்டைத் தரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டேப் எடுங்கள், ஏனென்றால் பக்கவாட்டு நடைவழி உள்ள பெட்டிகளில் இரண்டு பக்க ஜன்னல்களும் ஒரே வரிசையில் அமைவதில்லை.

இருக்கைகளை நீளமாகச் செய்து நறுக்குதல்

80 இருக்கை உள்ள பெட்டிக்கு இருவர் அமரும் துண்டுகள் 40 வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டினால் நாற்பதும் நாற்பது விதமாக இருக்கும். இருக்கையின் பக்கவாட்டு வடிவத்தை ஒரு நீளப் பட்டையாகக் கட்டி, பிறகு ரொட்டி போல நறுக்குவதுதான் சரியான வழி. கீழே உள்ளவை எச்ஓவுக்கான அளவுகள்.

முதலில் முதுகு. 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் 13 மி.மீ. உயரப் பட்டை வெட்டுங்கள். தரை உயர்ந்திருந்தால் அந்த அளவை இதில் கழித்துவிடுங்கள், 3 மி.மீ. உயர்ந்த தரைக்குப் பட்டை 10 மி.மீ. போதும். முதுகோடு முதுகாக வரும் இருக்கைகளுக்கு இதே பட்டையின் இரு பக்கமும் மெத்தை வரும். மெத்தைக்கு 2 மி.மீ. தகட்டில் 5 மி.மீ. அகலப் பட்டை. அதைத் தாங்க அதன் முன்விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளி 1 மி.மீ. தகட்டில் ஒரு நிற்கும் பட்டை. அதன் உயரம், மெத்தையின் மேற்பரப்பு வர வேண்டிய மட்டத்திலிருந்து 2 மி.மீ. கழித்தது. தரை உயர்ந்த பெட்டிகளில் இந்தத் தாங்கு பட்டையே தேவைப்படாது; மெத்தை நேராகத் தரையில் உட்காரும்.

ஒட்டுவதற்குக் கரைப்பான் வகைப் பசையைத் தூரிகையால் இடுக்கில் தொட்டால் போதும், அது தானாக உள்ளே ஓடும். அளவு கூடினால் மெல்லிய தகடு இளகிக் கோணிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அந்த ஆவி மூச்சுக்கு நல்லதல்ல. ஒட்டிய பட்டையை இரண்டு நேரான உலோகச் சட்டங்களுக்கு நடுவில் பிடித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் கெட்டியானது போலத் தோன்றினாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். அப்போது நறுக்கினால் ஒட்டு பிளந்துகொள்ளும்.

முதுகின் உச்சியையும் மெத்தையின் முன்விளிம்பையும் 600 எண் உப்புத்தாளால் உருட்டுங்கள். பட்டையாக இருக்கும்போதே வண்ணமும் அடித்துவிடுங்கள். நாற்பது சிறு துண்டுகளைச் சாமணத்தில் பிடித்துத் தீட்டுவதைவிட மூன்று நீளப் பட்டைகளைத் தீட்டுவது எவ்வளவு எளிது என்பது செய்தால் புரியும். அடிப்பகுதியை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடி வெறுமையாக விடுங்கள். கரைப்பான் பசை வண்ணத்தின் மேல் பிடிக்காது.

நறுக்குவதற்குக் கத்தி வேண்டாம். கத்தி ஆப்பு போல நுழைந்து தடித்த பிளாஸ்டிக்கை இரு பக்கமும் பிதுக்கிவிடும், துண்டின் முகம் சாய்ந்துபோகும். மைட்டர் பாக்ஸில் (ரம்பத்தை நேராகச் செலுத்தும் பள்ளமுள்ள தொட்டி) பட்டையை வைத்து நுண்ணிய பல் ரம்பத்தால் அறுங்கள். 11.5 மி.மீ. தூரத்தில் ஒரு தடுப்புக்கட்டையை ஒட்டிவிட்டால் எல்லாத் துண்டும் ஒரே அகலத்தில் விழும். ரம்பத்தின் அறுப்புக்கும் தேய்ப்புக்கும் துண்டுக்கு அரை மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகோடு முதுகாக 18 துண்டுக்கு 216 மி.மீ., முனைகளில் வரும் 4 ஒற்றை இருக்கைக்கு 48 மி.மீ. பட்டை போதும். கெட்டுப்போகும் துண்டுகளுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்யுங்கள். அறுத்த முகத்தை 400 எண் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துப் பிசிறு நீக்கினால் முடிந்தது. கைப்பிடி உள்ள இருக்கை என்றால் 0.5 மி.மீ. தகட்டில் பக்கத்துண்டு வெட்டி நடைவழிப் பக்கம் ஒட்டுங்கள்.

ஒரே வகைப் பெட்டி மூன்றுக்கு மேல் செய்வதாக இருந்தால் வார்ப்பு முறை பயன்தரும். நன்றாக அமைந்த ஒரு வரிசையை மூலமாக வைத்து சிலிகான் அச்சு எடுத்து, இருபாகப் பாலியூரிதேன் ரெசினை ஊற்றலாம். சிலிகானை முதலில் தூரிகையால் மெல்லியதாகப் பூசிவிட்டு மீதியை ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஊற்றினால் காற்றுக் குமிழி அகப்படாது. பிளாட்டினம் வகை சிலிகான் கந்தகம் கலந்த களிமண்ணின் மேல் இறுகாது என்பதைக் கவனியுங்கள். ரெசின் ஊற்றுவதற்கு முன் அச்சில் சிறிது டால்கம் பவுடர் தூவித் தட்டிவிட்டால் மூலைகள் நன்றாக நிரம்பும்.

தனி அறைகள் உள்ள பெட்டி

பக்கவாட்டு நடைவழியும் தனி அறைகளும் உள்ள பெட்டிக்குச் சீப்பு போன்ற அமைப்பு வேண்டும். நீளமான நடைவழிச் சுவர் ஒன்று, அதிலிருந்து பல் போல நீளும் குறுக்குச் சுவர்கள். 10 அறைக்கு 11 குறுக்குச் சுவர். எல்லாம் 0.5 மி.மீ. தகட்டில் செய்யலாம். எச்ஓவில் நடைவழி அகலம் 8 முதல் 8.5 மி.மீ. ஆகவும், அறை நீளம் ஜன்னல் குறிகள் சொல்வதாகவும் இருக்கட்டும்.

நடைவழிச் சுவரைத் தரையில் நிறுத்துவதற்கு முன், தட்டையாக மேசைமேல் கிடக்கும்போதே கதவுகளையும் ஜன்னல்களையும் வெட்டி, வண்ணம் அடித்துக் காயவையுங்கள். மர நிறத்துக்கு வெளிர் மணல் நிறம் அடித்து, காய்ந்தபின் நீர்த்த பழுப்பை ஏறக்குறைய உலர்ந்த தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுங்கள். இழை தானாக வந்துவிடும். ஒட்டும் இடங்களில் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூலைமட்டம் வைத்துக் குறுக்குச் சுவர்களை நிறுத்துங்கள். ஒன்று சாய்ந்தாலும் ஜன்னல் இடைத்தூணோடு ஒப்பிட்டுக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

நடைவழி ஜன்னல்களுக்குக் குறுக்கே 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை, தரையிலிருந்து 11.5 மி.மீ. உயரத்துக்குச் சமமான மட்டத்தில் கட்டுங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் பெட்டியின் தோற்றத்தையே மாற்றிவிடும். அறைகளில் இருக்கைக்கு மேலே 3க்கு 2 மி.மீ. அளவில் படமோ கண்ணாடியோ ஒட்டலாம். முதல் வகுப்பு இருக்கையின் தலைப்பகுதியில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றைத் துணி விரிப்பாக ஒட்டினால், எந்த வகுப்பு என்பது இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல்

கூரைக்கு அடியில் வெளிச்சம் குறைவு. சரியான நிறம் என்று நினைத்து அடித்தது கூட்டை மூடியதும் கறுத்துவிடும். நிஜத்தில் இருப்பதைவிட ஓரிரு படி வெளுப்பான நிறத்தை எடுங்கள். பளபளப்பு வண்ணம் வேண்டவே வேண்டாம். மெத்தைக்கு அடிநிறம் அடித்து, மிக நீர்த்த கரும்பழுப்பை மடிப்புகளில் ஓடவிட்டு, விளிம்புகளில் வெளிர்நிறத்தை உலர் தூரிகையால் தேயுங்கள். துணியின் பூவேலை 1:87இல் கண்ணுக்குத் தெரியாது. எச்ஓவைவிடப் பெரிய ஓ அளவில் மட்டும் அச்சிட்ட காகிதத்தை ஒட்டிப் பார்க்கலாம்.

விளக்கு போடுவதாக இருந்தால்

உள்விளக்கு வேண்டுமா என்பதை இருக்கைகளை ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். விளக்கை எரியவிட்டால் பிளாஸ்டிக் சுவரே விளக்குக்கூண்டு போல ஒளிரும், கூரை இடுக்கில் வெளிச்சம் கசியும். கூட்டின் உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெளிர்நிறம் என இரண்டு பூச்சு அடித்தால் இது நிற்கும். அலுமினியத் தாள் ஒட்டுவதைத் தவிருங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு கம்பி உரசினால் ஷார்ட் ஆகிவிடும்.

12 வோல்ட் எல்இடி பட்டை எளிய வழி. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டையை 50 மி.மீ.க்கு ஒருமுறை வெட்டலாம், ஒவ்வொரு துண்டிலும் மூன்று எல்இடி இருக்கும். 260 மி.மீ. பெட்டிக்கு ஐந்து துண்டு. பழைய குண்டு பல்பு காலத்துப் பெட்டிக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளியும், குழல்விளக்குப் பெட்டிக்கு 4000 கெல்வினும் பொருந்தும். முழு 12 வோல்ட் கொடுத்தால் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் ஓடும், பெட்டி கல்யாண மண்டபம் போல இருக்கும். துண்டுக்கு 2, 3 மில்லி ஆம்பியர் போதும்.

டிஜிட்டல் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தின் மின்சாரம் திசை மாறிக்கொண்டே இருப்பதால், அதை ஒரே திசைக்கு மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் கட்டாயம். அதற்குப் பின் 330 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வைத்து, வேண்டிய ஒளி கிடைக்கும்வரை மதிப்பை மாற்றிப் பாருங்கள். அழுக்குச் சக்கரத்தால் விளக்கு சிமிட்டாமல் இருக்க 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வேண்டும். அது 25 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், 16 வோல்ட் வகை எல்லைக்கு மிக அருகில் போகும். அதன் முனைகளை மாற்றிக் கொடுத்தால் வெடிக்கும். பத்துப் பெட்டியிலும் மின்தேக்கி ஒரே நொடியில் நிரம்பத் தொடங்கினால் கட்டுப்பாட்டுக் கருவி அதை ஷார்ட் என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடும். எனவே மின்தேக்கிக்குத் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அந்த ரெசிஸ்டருக்கு இணையாக, மின்தேக்கியிலிருந்து விளக்குப் பக்கம் மட்டும் கடத்தும் திசையில் ஒரு டையோடு போடுங்கள்.

இவ்வளவையும் எங்கே ஒளித்து வைப்பது? கழிவறையில். அதன் ஜன்னல் எப்படியும் மங்கல் கண்ணாடிதான். உட்புறத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது.

எடை

தரையைத் தாழ்த்துவதற்காகத் தொழிற்சாலை எடைத் தகட்டை எடுத்துவிட்டால் பெட்டி இலேசாகி வளைவில் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்ஓவுக்குப் பரிந்துரைப்பது: அடிப்படையாக 28 கிராம், பிறகு ஒவ்வொரு 25 மி.மீ. நீளத்துக்கும் 14 கிராம். 260 மி.மீ. பெட்டிக்கு ஏறத்தாழ 170 கிராம் வரும். எடுத்த எடையை இருக்கைகளுக்கு அடியில் உள்ள குழிவில் இரும்புப் பட்டையாக வைத்துத் தொடர்பு ஒட்டுப்பசையால் (காண்டாக்ட் பசை) ஒட்டுங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பிவிஏ பசையில் பதிக்கவே கூடாது. பசையிலிருந்து வரும் அமிலத்தோடு ஈயம் வினைபுரிந்து மெல்ல மெல்ல உப்பும். ஒன்றிரண்டு ஆண்டில் தரையைப் பிளந்துவிடும்.

பயணிகளை உட்காரவைத்தல்

விற்பனைக்கு வரும் உட்கார்ந்த பொம்மைகளின் கால்கள் பெரும்பாலும் தரையில் இடித்து, உடல் மெத்தைக்கு மேல் தூக்கி நிற்கும். தயங்காமல் முழங்காலோடு வெட்டுங்கள், தேவைப்பட்டால் தொடையின் அடியையும் தேயுங்கள். உட்கார்ந்தவரின் தலை மெத்தையிலிருந்து எச்ஓவில் சுமார் 10 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இருக்கை நிரம்பினாலே பெட்டி உயிருள்ளதாகத் தோன்றும். எல்லோரையும் ஜன்னல் பக்கம் பார்க்கவைத்தால் செயற்கையாக இருக்கும். சிலர் எதிரே இருப்பவரையும், சிலர் மடியையும் பார்க்கட்டும்.

இங்கே பிவிஏ பசையே போதும். உடனடிப் பசையை (சூப்பர் க்ளூ) தொடவேண்டாம். அதன் ஆவி மூடிய இடத்தில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. வேறு வழியின்றி எங்காவது பயன்படுத்தியிருந்தால் 24 மணி நேரம் கூட்டை மூடாமல் திறந்தே வையுங்கள்.

மூடுவதற்கு முன் கண்ணாடியின் உட்புறத்தைப் பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு தூசிகூட பெரிதாகத் தெரியும். உட்புறத் தொகுதியைக் கூட்டில் ஒட்டாதீர்கள். விழுந்த பயணியை எடுக்கவும் சாலிடர் விட்டுப்போன கம்பியைச் சரிசெய்யவும் அது வெளியே வர வேண்டும். எந்த முனை எந்தப் பக்கம் என்று தரையின் அடியில் அம்புக்குறி போடுங்கள். பிறகு உங்கள் அமைப்பிலேயே மிகக் குறுகிய வளைவில், முதலில் இழுத்தும் அடுத்துப் பின்னுக்குத் தள்ளியும் ஓட்டிப் பாருங்கள். தள்ளும்போது தடம் புரண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் போகித் திருகின் மேல் உள்ள துளை. தரைத்தகடு அங்கே உரசிக்கொண்டிருக்கும், துளையை அரத்தால் ஒரு மி.மீ. அகலப்படுத்தினால் சரியாகிவிடும்.